கூறியது கூறலும் மாட்டெறிதலும்: பல்கோப்பு ஆய்வேடுகளில் பொதுமதிப்பும் சுட்டும்

ஆய்வுச்சுருக்கம்

முனைவர் பட்ட ஆய்வேடு, செம்பதிப்பு, அகராதி முதலிய பெருநூல்கள் இன்று பல கணினிக் கோப்புகளாகப் பிரித்து எழுதப்படுகின்றன. அக்கோப்புகள் அனைத்திற்கும் பொதுவான எண்ணிக்கைகளும் பெயர்களும் குறியீடுகளும் ஒவ்வொரு கோப்பிலும் தனித்தனியே தட்டச்சிடப்படுவதால் முரண்கள் தோன்றுகின்றன. ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டும் வரையறுத்து, பிற இடங்களில் அதன் பெயரால் சுட்டும் நெறி தமிழ் இலக்கண மரபுக்குப் புதியதன்று. அந்நெறியைக் கணினிவழித் தமிழில் செயற்படுத்தும்போது புணர்ச்சி இலக்கணம் இன்றியமையாததாகிறது. ஆதலின் இது தட்டச்சாளரிடம் விட்டுவிடத்தக்க வேலையன்று. தமிழாய்வு நெறிமுறையின் ஒரு கூறு என்பதே இக்கருத்துரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: பொதுமதிப்பு, மாட்டேறு, உத்தி, நூற்பா எண், சுவடிக் குறியீடு, ஒருங்குறி, புணர்ச்சி.

முன்னுரை

ஆய்வேடு ஒன்று முன்னுரை, ஐந்து அல்லது ஆறு இயல்கள், முடிவுரை, துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு எனப் பகுக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியும் தனிக் கோப்பாகக் கணினியில் சேமிக்கப்படுவது இன்றைய வழக்கம். நெறியாளரிடம் இயல் இயலாகக் காட்டுதற்கும், திருத்தம் செய்தற்கும் இம்முறை ஏந்தாக உள்ளது. ஆயினும் இப்பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. முன்னுரையில் கூறிய ஆய்வு எல்லையை மூன்றாம் இயல் எடுத்தாளும். நான்காம் இயலின் அட்டவணையை முடிவுரை சுட்டும். எல்லாப் பகுதிகளும் ஒரே சுருக்கக் குறியீட்டு விளக்கத்தை நம்பி நிற்கும்.

இச்சார்பு இருவகைப்படும். முதலாவது, பல கோப்புகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டிய எண், பெயர், குறியீடு ஆகியவை. கணினியியலார் இதனை மாறி என்பர். ஒரு நூல் முழுமைக்கும் பொதுவாக நிற்றலின் ஈண்டுப் பொதுமதிப்பு என வழங்கப்படுகிறது. இரண்டாவது, ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதியைக் காட்டும் சுட்டு. 'இயல் 3இல் காண்க', 'மேலே அட்டவணை 7இல் கூறப்பட்டது' என்பன போல்வன. இவ்விரண்டையும் கையாளும் முறை குறித்துத் தமிழாய்வு நெறிமுறை நூல்கள் மிகுதியும் பேசுவதில்லை. பல்கலைக்கழக விதிகளும் பெரும்பாலும் எழுத்தளவு, ஓர விளிம்பு, வரியிடைவெளி ஆகியவற்றோடு அமைந்துவிடுகின்றன.

எண்ணிக்கை என்னும் பொதுமதிப்பு

புறநானூற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்ட ஓர் ஆய்வேட்டை எடுத்துக்கொள்வோம். அந்நூலின் பாடல் எண்ணிக்கை 400. இன்று 267, 268 ஆகிய எண்களுக்குரிய பாடல்கள் கிடைக்கவில்லை. ஆகவே கிடைப்பவை 398. கிடைப்பவற்றுள்ளும் அடி சிதைந்தவை பல. ஆய்வாளர் 400, 398 என்னும் இரண்டனுள் எதனை அடிப்படையாகக் கொள்கிறார் என்பது ஒரு முடிவு. அம்முடிவு முன்னுரையில் எடுக்கப்படுகிறது. இரண்டாண்டுகள் கழித்து நான்காம் இயலில் விழுக்காடு கணக்கிடும்போது நினைவிலிருந்து 400 எனத் தட்டச்சிட்டால், அவ்வியலின் கணக்கு முன்னுரையோடு முரண்படும். 100 பாடல்களின் விழுக்காடு முதற்கணக்கில் 25.0, அடுத்ததில் 25.1. வேறுபாடு சிறிது, ஆனால் அட்டவணைகளின் கூட்டுத்தொகை பொருந்தாது. அதனைக் காணும் வாசகர் எந்த எண்ணை நம்புவது என அறியார்.

தொகைநூல்களை ஒப்பிடும் ஆய்வில் இச்சிக்கல் மேலும் பெருகும். புறநானூற்றில் கடவுள் வாழ்த்து முதற்பாடலாகவே எண்ணப்படுகிறது. நற்றிணையிலும் அகநானூற்றிலும் அது நானூற்றுக்குப் புறம்பாக நிற்கிறது. குறுந்தொகையில் 401 பாடல்களுக்குப் புறம்பாகக் கடவுள் வாழ்த்து அமைந்துள்ளது. ஐங்குறுநூற்றின் 500 பாடல்களுள் 129, 130 ஆகியவை கிடைக்கவில்லை. இவற்றை எவ்வாறு எண்ணுவது என்னும் வரையறை ஓரிடத்தில் நிலைபெறாமல் ஐந்து கோப்புகளில் ஐந்து முறை தட்டச்சிடப்படுமாயின், ஓர் ஆய்வேட்டுக்குள்ளேயே ஒரு நூலுக்கு இரண்டு எண்ணிக்கைகள் இடம்பெறுதல் எளிதில் நேரும்.

நூற்பா எண் என்னும் சுட்டு

சுட்டின் நிலையும் இத்தகையதே. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இளம்பூரணர் உரையில் 456 நூற்பாக்களாகவும், சேனாவரையர் உரையில் 463 நூற்பாக்களாகவும் அமைந்துள்ளது. உரையாசிரியர்கள் நூற்பாக்களைப் பிரித்தும் சேர்த்தும் கொண்டமையே இதற்குக் காரணம். ஆகவே 'தொல். சொல். 400' என்று மட்டும் எழுதினால் அது எந்த உரைப்பகுப்பின் எண் என்பது விளங்காது. ஒரே ஆய்வேட்டில் ஓர் இயல் இளம்பூரணத்தையும் மற்றோர் இயல் சேனாவரையத்தையும் தழுவி எண் தருமாயின், ஒரே எண் இரண்டு நூற்பாக்களைக் குறிக்கும். ஒரே நூற்பா இரண்டு எண்களைப் பெறும். திருக்குறளிலும் பரிமேலழகர் கொண்ட வைப்புமுறைக்கும் மணக்குடவர் முதலியோர் கொண்ட வைப்புமுறைக்கும் வேறுபாடு உண்டு என்பது அறிஞர் அறிந்ததே.

எண் என்பது வைப்புமுறையைச் சார்ந்தது. வைப்புமுறை மாறினால் எண்ணும் மாறும். இவ்வுண்மை பழைய நூல்களுக்கு மட்டுமன்றி, எழுதப்பட்டுவரும் ஆய்வேட்டிற்கும் பொருந்தும். நெறியாளர் இரண்டாம் இயலை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன அன்றே அதன்பின் வரும் இயல்களின் எண்களும், அட்டவணை எண்களும், அவற்றைச் சுட்டும் குறிப்புகள் அனைத்தும் பொய்யாகிவிடுகின்றன.

மரபு காட்டும் நெறி

இச்சிக்கலை நம் இலக்கண நூலார் அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் வகுத்த உத்திகளும் குற்றங்களும் சான்று. மொழிவாம் என்றல் என்பது பின்னர்க் கூறுவதாகச் சுட்டிச் செல்லுதல். கூறிற்று என்றல் என்பது முன்னர்க் கூறியதைச் சுட்டுதல். இவ்விரண்டையும் தொல்காப்பிய மரபியல் உத்திகளுள் அடக்குகிறது. நன்னூலும் இவற்றிற்கு இணையான உத்திகளைக் கொண்டுள்ளது. அதனோடு ஓரிடத்துக் கூறிய இலக்கணத்தை அதற்குரிய பிறிதோரிடத்தும் பொருந்தச் செலுத்துவதை மாட்டெறிந்து ஒழுகல் எனத் தனி உத்தியாகவே வைத்தது. உரையாசிரியர் வழக்கில் மாட்டேறு என்னும் சொல் இப்பொருளிலேயே வருகிறது. கணினி ஆவணங்களில் இன்று நாம் வேண்டும் சுட்டுக்கு இதனினும் பொருத்தமான தமிழ்ச்சொல் இல்லை எனலாம்.

தொல்காப்பியர் இதனைக் கையாண்ட முறை ஈண்டு நோக்கத்தக்கது. நூன்மரபில் வல்லெழுத்து என்னும் பெயருக்குரிய ஆறு எழுத்துகளும் ஒருமுறை வரையறுக்கப்படுகின்றன. பின்வரும் இயல்களில் வல்லெழுத்து மிகும் இடங்கள் பல பேசப்படுகின்றன. ஆனால் ஆறு எழுத்துகளும் மீண்டும் அடுக்கப்படுவதில்லை. பெயர் மட்டுமே வருகிறது. தான் குறியிடுதல் என்னும் உத்தி இவ்வாறு பொதுமதிப்பை வரையறுக்கும் கருவியாக நிற்கிறது. உயிர் மயங்கியலில் அகர ஈற்றுக்குரிய புணர்ச்சியைக் கூறியபின், ஆகார ஈறும் அவ்வியல்பினது என மாட்டெறிந்து செல்கிறார். ஆகார ஈற்றின் விதியை அறிய விரும்புவோர் அகர ஈற்றிடம் செல்லல் வேண்டும். அச்சுட்டு 'அகரம்' என்னும் பெயரால் அமைந்தது. நூற்பா எண்ணால் அன்று. ஆகவேதான் நூற்பாக்களைப் பின்னோர் எவ்வாறு பிரித்து எண்ணிட்டாலும் அம்மாட்டேறு இன்றும் தவறாமல் உரிய இடத்தைக் காட்டுகிறது.

நூற்குற்றங்களுள் கூறியது கூறல் ஒன்று; மாறுகொளக் கூறல் மற்றொன்று. தொல்காப்பியமும் நன்னூலும் இவ்விரண்டையும் அடுத்தடுத்தே வைத்துள்ளன. இவ்வைப்பிற்கு நூலாசிரியர் கருதிய காரணம் எதுவாயினும், பல்கோப்பு ஆவணங்களை எழுதுவோர்க்கு இவ்விரு குற்றங்களின் உறவு வெளிப்படை. ஒரு செய்தியை இரண்டிடத்தில் தனித்தனியே எழுதுபவர், அவற்றுள் ஒன்றை மட்டும் திருத்தும் நாளில் முரண்படக் கூறியவராகிறார். முன்னைய குற்றம் பின்னையதன் வித்து.

அச்சுக்காலத்திலும் இந்நெறி தொடர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளும் 1924 முதல் 1936 வரை வெளிவந்தன. முதல் தொகுதி அச்சேறியபோது இறுதித் தொகுதியின் பக்கங்கள் உருவாகியிருக்கவில்லை. ஆயினும் ஒரு சொல்லிலிருந்து மற்றொரு சொல்லைக் காணச் சொல்லும் குறிப்புகளை அதில் அமைக்க முடிந்தது. அவை பக்க எண்ணைச் சுட்டாமல் தலைச்சொல்லைச் சுட்டியமையே காரணம். நூற்பெயர்ச் சுருக்கங்களும் ஒரு பட்டியலில் விளக்கப்பட்டு, எல்லாத் தொகுதிகளிலும் எடுத்தாளப்பட்டன.

இன்றைய கருவிகள்

கணினி ஆவண முறைகளும் இதே முடிவிற்கு வந்துள்ளன. டோனால்டு நூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின்மேல், லெஸ்லி லாம்போர்ட் 1980களில் லேடெக் என்பதை அமைத்தார். அதில் ஒவ்வோர் இயலுக்கும் அட்டவணைக்கும் ஆசிரியர் ஒரு பெயர் இடுகிறார். சுட்டும் இடத்தில் அப்பெயரையே எழுதுகிறார். மென்பொருள் முதற்சுற்றில் பெயர்களையும் அவற்றுக்குரிய எண்களையும் ஒரு துணைக்கோப்பில் எழுதி வைத்து, அடுத்த சுற்றில் அவ்வெண்களை உரிய இடங்களில் இடுகிறது. இயல்கள் தனித்தனிக் கோப்புகளாக இருப்பினும், ஒரு தலைமைக் கோப்பின்வழி இணைக்கப்படுவதால் சுட்டுகள் பிழைபடுவதில்லை. பெயர் இல்லாத ஒன்றைச் சுட்டினால் எண்ணுக்கு மாற்றாக இரட்டை வினாக்குறி அச்சாகும். பிழை மறைந்து நில்லாமல் வெளிப்படுதல் இம்முறையின் தனிச்சிறப்பு.

தமிழாய்வாளர் மிகுதியும் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் வேர்டு மென்பொருளிலும் இவ்வசதி உண்டு. தலைப்புகளுக்குத் தானியங்கு எண்ணும், அட்டவணைகளுக்குத் தானியங்கு தலைப்புரையும் இட்டால் அவற்றைச் சுட்டும் புலங்களைச் செருகலாம்; ஆவணம் முழுவதையும் தெரிவு செய்து எஃப் 9 விசையை அழுத்தினால் எண்கள் புதுப்பிக்கப்படும். ஆனால் இச்சுட்டு ஒரே ஆவணத்திற்குள்ளேயே இயங்கும். தனித்தனிக் கோப்புகளாக எழுதுவோர் அவற்றை ஒரு தலைமை ஆவணத்தின்கீழ்க் கொணர்தல் வேண்டும். அல்லது இறுதியில் ஒரே கோப்பாக இணைத்து, அதன்பின் சுட்டுகளை அமைத்தல் வேண்டும்.

தொழில்நுட்ப நூல்களைத் தொகுதி தொகுதியாக எழுதும் நிறுவனங்களுக்காக டீட்டா என்னும் முறை ஐபிஎம் நிறுவனத்தில் உருவாகி, 2005இல் ஓயாசிஸ் அமைப்பின் தரமாக ஏற்கப்பட்டது. தொடக்கத்தில் அதன் சுட்டுகள் கோப்பின் இருப்பிடத்தைக் குறிப்பனவாக இருந்தன. கோப்பை இடம் மாற்றினால் சுட்டு அறுந்தது. 2010இல் வந்த 1.2 பதிப்பில் திறவுப்பெயர் என்னும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஆசிரியர் பெயரைச் சுட்டுவார். அப்பெயர் எதனைக் குறிக்கும் என்பது ஒரே ஒரு வரைபடக் கோப்பில் வரையறுக்கப்படும். இடத்தைச் சுட்டுவதினும் பெயரைச் சுட்டுவதே நிலைத்தது என அவர்கள் பட்டறிந்தது, நம் அகராதித் தொகுப்பாளர் தலைச்சொல்லால் சுட்டிய அதே நெறி.

தமிழில் எழும் தனிச்சிக்கல்

இக்கருவிகளை அவ்வாறே எடுத்துக்கொள்ளத் தமிழ் இடங்கொடுப்பதில்லை. இங்குதான் தமிழ்த்துறையின் பணி தொடங்குகிறது. ஆங்கிலத்தில் ஒரு நூற்பெயருக்கு மாற்றாக மற்றொரு நூற்பெயரை இட்டால் தொடர் பெரிதும் பிழைபடாது. தமிழில் பெயர் உருபேற்கும்போது திரியும். பொதுமதிப்பாக 'புறநானூறு' எனச் சேமித்து, தொடரில் அதன்பின் 'இல்' எனச் சேர்த்தால் 'புறநானூற்றில்' எனக் கணினி எழுதாது. 'புறநானூறுஇல்' என்றே எழுதும். 'சிலப்பதிகாரம்' எனச் சேமித்தால் 'சிலப்பதிகாரத்தில்' என்பது கிடைக்காது. திரிபு வேண்டாத 'குறுந்தொகை' கூட 'குறுந்தொகைஇல்' என நிற்குமேயன்றி 'குறுந்தொகையில்' ஆகாது. ஒருங்குறியில் உயிரெழுத்தாகிய இகரத்திற்கு ஒரு குறியெண்ணும், மெய்யோடு சேரும் இகரக் குறிக்கு வேறொரு குறியெண்ணும் இருத்தலின், இரண்டு துண்டுகளை ஒட்டிய அளவில் உயிர்மெய் உருவாவதில்லை.

வல்லெழுத்து மிகுதலும் இவ்வாறே. 'நற்றிணைப் பாடல்' என்னும் தொடரில் முதற்பெயரை நீக்கித் 'திருக்குறள்' என இட்டால் பகர ஒற்று பிழையாகிறது. பெயர் மாறும்போது அதனை அடுத்து நிற்கும் எழுத்தும் மாற வேண்டியுள்ளது. தொல்காப்பியம் உருபியல் என ஓர் இயலையே வகுத்த காரணம் இங்குப் புலனாகிறது. பொதுமதிப்பை ஆளும் மென்பொருள் எதுவும் தமிழில் முழுமையாகச் செயற்பட வேண்டுமாயின், அவ்வியலின் விதிகளும் குற்றியலுகரப் புணரியலின் விதிகளும் அதற்குக் கற்பிக்கப்படல் வேண்டும்.

அது நிறைவேறும்வரை மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பெயரை எழுவாய் வடிவிலேயே நிறுத்தி, உருபை வேறொரு சொல்லின்மேல் ஏற்றுதல்: 'புறநானூறு என்னும் நூலில்', 'சிலப்பதிகாரம் ஆகிய நூலின்' என்பன போல. நடை சற்று நீளும், பிழை நேராது. இரண்டாவது, ஒவ்வொரு பெயருக்கும் எழுவாய் வடிவம், பெயரடை வடிவம், இடவுருபேற்ற வடிவம் என வேண்டிய வடிவங்களையெல்லாம் பொதுக்கோப்பில் வரையறுத்தல்: புறநானூறு, புறநானூற்று, புறநானூற்றில். மூன்றாவது, எண்களை எண்ணுருவிலேயே இடுதல். எண்ணுருவின்பின் புணர்ச்சி எழுத்தில் தோன்றாமையால் 'இயல் 3இல்', 'அட்டவணை 7ஐக் காண்க', '4ஆம் இயல்' ஆகிய தொடர்கள் எந்த எண் வரினும் பிழைபடா. இதழ்கள் கொண்டுள்ள இவ்வெழுத்து வழக்கு, தானியங்கு சுட்டிற்கும் உகந்ததாக வாய்த்துள்ளது.

மறுப்புகளும் விடையும்

இறுதியில் ஒருமுறை கவனமாக மெய்ப்புப் பார்த்தால் போதாதா எனச் சிலர் வினவுவர். எழுத்துப்பிழை படிப்போர் கண்ணுக்குத் தெரியும். 'அட்டவணை 7' என்பது 'அட்டவணை 8' என இருக்க வேண்டும் என்பதோ, 398 இருக்க வேண்டிய இடத்தில் 400 உள்ளது என்பதோ அவ்விடத்தை மட்டும் படிப்போர்க்குத் தெரியாது. ஒவ்வொரு சுட்டையும் அதன் இலக்கோடு ஒப்பிட்டாலன்றி இப்பிழை புலப்படாது. அவ்வாறு ஒப்பிட்டபின் ஓர் அட்டவணை புதிதாகச் சேருமாயின் அவ்வுழைப்பு முழுதும் வீணாகும்.

தமிழ் மாணவர்க்கு இத்தகைய மென்பொருள் அறிவு மிகை என்பது மற்றொரு மறுப்பு. இங்கு வேண்டப்படுவது குறிப்பிட்ட ஒரு மென்பொருளன்று, ஒழுங்கு. எந்த மென்பொருளும் அறியாதவர்கூட, பொதுமதிப்புகளை ஒரு தனிக்கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே எடுத்து இடலாம். எழுதும் காலத்தில் எண்ணுக்கு மாற்றாக 'வஞ்சித்திணை அட்டவணை' எனப் பெயரால் சுட்டிவைத்து, அமைப்பு உறுதியானபின் அப்பெயர்களைத் தேடி எண் இடலாம். பெயர் இடுவதிலும் தவறு நேரலாம் என்பது உண்மையே. ஓர் அட்டவணைக்கு இரு பெயர்கள் வழங்கின் குழப்பம் தொடரும். ஆனால் பெயர்ப் பட்டியலைச் சரிபார்த்தல், நானூறு பக்கங்களில் சிதறிய எண்களைச் சரிபார்த்தலினும் எளிது.

செம்பதிப்பில் இதன் இன்றியமையாமை

ஆய்வேட்டில் நேரும் முரண் அவ்வாய்வேட்டின் மதிப்பைக் குறைக்கும். செம்பதிப்பில் நேரும் முரணோ பின்வரும் ஆய்வுகள் அனைத்தையும் பற்றும். பலர் கூடிப் பதிப்பிக்கும் நூலில், ஒவ்வொரு சுவடிக்கும் ஓர் எழுத்துக் குறியீடு தரப்படுகிறது. பாடவேறுபாடுகள் அக்குறியீட்டின்கீழ்ப் பதிவாகின்றன. ஒரு பதிப்பாளரின் கோப்பில் 'அ' என்பது ஒரு சுவடியையும், மற்றவரின் கோப்பில் வேறொரு சுவடியையும் குறிக்குமாயின், பாடங்கள் தமக்குரியதல்லாத சுவடிகளின்மேல் ஏற்றப்படும். ஏடு செல்லரித்து அழிந்தபின் அப்பதிப்பே எஞ்சும் சான்று. மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தும் வாய்ப்பு அன்று இராது. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் பயன்படுத்திய சுவடிகளைப் பட்டியலிட்டமை நன்றியுரை மட்டுமன்று; பாடங்களின் மூலத்தை ஓரிடத்தில் நிறுவிய செயலுமாகும்.

1987இல் தொடங்கிய உரைக் குறியாக்க முனைவு, ஒவ்வொரு சான்றேட்டையும் ஆவணத் தலைப்பகுதியில் ஓர் அடையாளப் பெயருடன் ஒருமுறை வரையறுத்து, பாடவேறுபாட்டுப் பதிவுகளில் அப்பெயரையே சுட்டும் வழியை வகுத்துள்ளது. தமிழ்ச் சுவடிப் பதிப்புத் திட்டங்கள் இதனைப் பின்பற்றுதல் நலம்.

முடிவுரை

இக்கருத்துரை முன்வைக்கும் பரிந்துரைகள் நான்கு. முதலாவதாக, ஆய்வியல் நெறிமுறைப் பாடத்தில் பொதுமதிப்பு, மாட்டேறு ஆகியவற்றைக் கையாளும் முறை உத்திகளோடு சேர்த்துக் கற்பிக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வோர் ஆய்வேடும் தான் கொண்ட எண்ணிக்கை, உரைப்பகுப்பு, பதிப்பு, சுருக்கக் குறியீடு ஆகியவற்றை ஒரே பொதுக்கோப்பில் வரையறுத்து, அதனைப் பின்னிணைப்பாகவும் தருதல் வேண்டும். மூன்றாவதாக, நூற்பா எண்ணுடன் உரையாசிரியர் பெயரும், இயன்றவிடத்து நூற்பாவின் முதற்சொற்களும் தரப்படல் வேண்டும். நான்காவதாக, பெயர்த்திரிபையும் வலிமிகுதலையும் ஆளும் சிறு மென்பொருள் கருவி ஒன்றைத் தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து உருவாக்க முன்வருதல் வேண்டும். இதற்கு வேண்டிய விதிகள் நம்மிடம் எழுதப்பட்டே உள்ளன. அவற்றை நிரலாக்குவோர்க்கு விளக்கும் பொறுப்பு தமிழிலக்கணம் பயின்றோர்க்கே உரியது.